முள்ளி நீரேரியில் ஒரு மாப்பிள்ளை

தில்லைநாதனுக்கு முப்பத்துமூன்று வயதில் ஒருவழியாகக் கலியாணம் ஒப்பேறியது. அதற்கு முன் ஒன்பது பேச்சுக்கால் வந்து ஒன்பதும் குழம்பின. ஒன்றில் சாதகம் பொருந்தவில்லை. ஒன்றில் பெண்ணுக்குக் கனடா மாப்பிள்ளை கிடைத்துவிட்டான். ஒன்றில் இரண்டு பகுதியும் ஆளுக்கொரு திக்காக இடம்பெயர்ந்து, பிறகு ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பத்தாவதாக வந்தவள்தான் வரணி ஊர்க் குணலட்சுமி. அவளை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்சநஞ்சமல்ல, தான் வேலை பார்க்கும் கொடிகாமக் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பிடித்துப்போயிற்று.

இப்படிப்பட்ட ஒருவன், பொன்னுருக்கு முடிந்து, கலியாணத்துக்கு முதல்நாள் விடியற்காலையில், பின்வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் குனிந்து வெளியேறி ஒரு நீச்சல் போட்டிக்குப் போனான் என்றால் அவனை என்ன சொல்லித் திட்டுவது? தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் கலியாணம் முடியும்வரை வீட்டு வாசற் படலையைத் தாண்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது.

குணலட்சுமி வீட்டில் அது வெறும் முறையாக இருக்கவுமில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு வேறோர் இடத்தில் கலியாணம் நிச்சயமாகிப் பொன்னுருக்கும் நடந்தது. அடுத்தநாள் அந்த மாப்பிள்ளைப் பொடியன், தைக்கக் கொடுத்த சட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுச் சாவகச்சேரிக்குச் சைக்கிளில் போனான். வழியில் ஆமி ஹெலிகொப்டர் சுட்டது. கலியாணப் பந்தலுக்கு வாங்கிய கிடுகைச் செத்தவீட்டுப் பந்தலுக்குப் போட்டார்கள்.

அதனால் கோயில் வெளிவீதியில் வைத்துப் பெண் பார்த்து, பெரியவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று இருவரையும் ஐந்து நிமிடம் கதைக்க விட்டபோது, அவள் அவனிடம் படிப்பையோ சம்பளத்தையோ விசாரிக்கவில்லை.

"எனக்கு ஒண்டுதான்," என்றாள். "பொன்னுருக்கு முடிஞ்சால் கலியாணம் மட்டும் நீங்கள் படலையைத் தாண்டக்கூடாது. என்ன அவசரம் எண்டாலும்."

"ஓம்," என்றான் தில்லைநாதன்.

"சும்மா ஓம் எண்டு சொல்லாதேங்கோ."

"சும்மா இல்லை. தாண்டமாட்டன்."

அவள் அவனை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் சங்கக்கடையில் சீனியின் நிறை பிசகத் தொடங்கியது.

கெட்டகாலம் கனகரத்தினத்தின் உருவத்தில் வந்தது. கனகரத்தினமும் மரியரட்ணமும் தில்லைநாதனுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கனகரத்தினம் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். மரியரட்ணம் தபாற்கந்தோர்ப் பியோன். கலியாணம் கட்டாதவன், நடந்து நடந்து கால் இரும்பானவன். எண்பத்தாறாம் ஆண்டு ஊர் விளையாட்டுக் கழகம் ஒரு மூவகைப் போட்டி வைத்தது. குழுவுக்கு மூன்று பேர். ஒருவன் முள்ளியில் நீரேரியை நீந்திக் கடக்க வேண்டும். அடுத்தவன் அங்கிருந்து வரணியூடாகக் கொடிகாமத்துக்குச் சைக்கிள் ஓட வேண்டும். மூன்றாமவன் கொடிகாமத்தைச் சுற்றி ஓடிவந்து கழக மைதானத்தில் முடிக்க வேண்டும். அந்த வருடம் இவர்கள் மூவரும் ஒரு கையகல வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார்கள். அடுத்த வருடம் வெல்லலாம் என்று இருந்தார்கள். அடுத்த வருடம் போட்டி இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. சண்டைக்குள் நீச்சலைப் பற்றி யார் யோசித்தது?

தொண்ணூற்றைந்து தையில் சண்டை நின்றது. நின்றதும் ஊரில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அவசரம் வந்துவிட்டது. திரும்பச் சண்டை தொடங்குவதற்குள் கலியாணம் செய்கிறவர்கள் கலியாணம் செய்தார்கள், கூரை வேய்கிறவர்கள் கூரை வேய்ந்தார்கள், கழகம் போட்டியை அறிவித்தது. முதற்பரிசு, ஆளுக்கு ஒரு சோடி புதுச் சைக்கிள் டயரும் ரியூப்பும். ரியூப்புக்கு மேல் ஒட்டுப் போட்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு ஓடித்திரிந்த ஊரில் அது சின்னப் பரிசல்ல. போட்டி நடக்கும் நாள் தை மாதக் கடைசி ஞாயிறு. தில்லைநாதனின் கலியாணம் அடுத்தநாள் திங்கட்கிழமை.

சனிக்கிழமை கலியாணவீட்டுக்கு விறகு கொத்த வந்த கனகரத்தினம் கோடரியை ஊன்றிக்கொண்டு காதுக்குள் ஓதினான்.

"எட்டு மணிக்கு விசில். எட்டேகாலுக்கு நீ அக்கரையிலையிருந்து இக்கரைக்கு வந்திடுவாய். அதோடை உன்ரை அலுவல் சரி. ஒன்பது ஒன்பதரைக்கு வீட்டை வந்து சேரலாம்."

"வரணிக்குள்ளாலை எப்பிடியடா வாறது? அவையின்ரை வீடு ரோட்டுக்கரை."

"கழகத்தின்ரை உழவு இயந்திரம் முள்ளியிலையிருந்து திரும்பி வரும். பின்பெட்டிக்குள்ளை படங்குச் சீலையைப் போத்துக்கொண்டு படு. ஆர் பாக்கப்போறது?"

"நான் சொல்லுக் குடுத்திருக்கிறன் கனகு."

"அவ சொன்னது ஹெலியை நினைச்சு. இப்ப ஹெலி எங்கை பறக்குது? ஆகாயத்திலை காகம்தான் பறக்குது. மச்சான், நீ இல்லாட்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரைச் சேர்க்க மாட்டினம். இனி எப்ப இப்பிடி ஒரு போட்டி வரும், சொல்லு பாப்பம்?"

கனகரத்தினத்தின் தலையில் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. தில்லைநாதனுக்கே ஆசை இருந்தது. எட்டு வருடமாக அந்த நீரேரியைப் பஸ்ஸிலிருந்தும் சைக்கிளிலிருந்தும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். வாழ்க்கையில் அவன் ஊரறிய நன்றாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்று, அந்தத் தண்ணீரைக் கடந்தது. கலியாணத்துக்கு முன் இன்னும் ஒருதரம் கடந்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது. மூன்று தரம் இல்லை என்றான். நாலாம் தரம் பேசாமல் நின்றான். பேசாமல் நின்றதைக் கனகரத்தினம் சம்மதமாக எடுத்துக்கொண்டு மிச்ச விறகையும் கொத்தினான்.

ஞாயிறு விடிய முன்னம், தாய் சின்னாச்சியிடம் தலையிடி, ஒருத்தரும் எழுப்ப வேண்டாம் என்று சொல்லி அறைக்கதவை உள்ளால் சாத்திவிட்டு அறையின் மற்ற வாசலால் இறங்கினான். நாற்பது பேர் படுத்துக்கிடந்த வீட்டில் ஒருவரையும் மிதிக்காமல் போனதுதான் அன்று முழுக்க அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம்.

கனகரத்தினத்தின் சைக்கிள் பாரில், தலைக்கு ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு குந்தினான். வரணியில் குணலட்சுமி வீட்டுப் பந்தல் இருட்டில் கறுப்பாகத் தெரிந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், தான் காணாவிட்டால் அவளும் காணமாட்டாள் என்பதுபோல. வழியில் இரண்டு தரம் சங்கிலி கழன்றது. நீந்துவதற்கென்று எடுத்துவைத்த காற்சட்டை வீட்டில் கொடியிலேயே தொங்குகிறது என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. கனகரத்தினம் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவனுடைய சாரத்தை வாங்கி மடித்துக் கட்டிக்கொண்டான். அந்தக் காற்சட்டைக்குள் தில்லைநாதனைப்போல இன்னும் ஒருவர் இருக்கலாம். சணல் கயிற்றால் இடுப்பை இறுக்கிக் கட்டினான்.

இக்கரையில் கனகரத்தினத்தையும் சைக்கிளையும் விட்டுவிட்டு, தில்லைநாதன் மற்ற நீச்சற்காரர்களுடன் பாலத்தால் நடந்து அக்கரைக்குப் போனான். ஒன்பது குழு. நடுவர் கனிசியஸ் மாஸ்ரர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், கழுத்தில் விசிலும் கையில் குடையுமாகப் பாலத்தில் நின்றார். தை பிறந்த கையோடு, மார்கழி வெள்ளத்தில் நீரேரி கரைமுட்டக் கிடந்தபோது, அவர்தான் தோணியில் போய்த் தடி நட்டு எல்லை குறித்தவர். அதற்குப் பிறகு மழை விட்டு, வெள்ளமெல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தடிகள் மட்டும் போகாமல் நின்றன. அவை ஏன் இவ்வளவு உயரமாக நிற்கின்றன என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

விசில் ஊதியது. தில்லைநாதன் குதித்தான். முதல் முப்பது பாகத் தூரம் எண்பத்தாறாம் ஆண்டுபோலவே இருந்தது. குளிரும் உப்பும் காதுக்குள் இரைச்சலும், முன்னால் ஒருவனும் இல்லாத தண்ணீரும். அந்தச் சந்தோசத்தில் கையை நீட்டி வீசியபோது விரல் சேற்றில் குத்தியது. அடுத்த வீச்சில் முழங்கால் குத்தியது. தலையைத் தூக்கிப் பார்த்தான். மற்ற எட்டுப் பேரும் எழும்பித் தொடையளவு தண்ணீரில் விறுவிறு என்று நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நடக்கிறவை எல்லாம் போட்டிக்கு வெளியாலை!" என்று பாலத்திலிருந்து குடையை ஆட்டிக் கத்தினார் கனிசியஸ் மாஸ்ரர். "இது நீச்சல் போட்டி!"

"நீந்தத் தண்ணி எங்கை மாஸ்ரர்?" என்றான் ஒருவன். "நீங்கள் கொண்டந்து ஊத்துங்கோ, நாங்கள் நீந்திறம்."

பாலத்தில் நின்ற சனம் சிரித்தது. மாஸ்ரருக்கு மூக்கு நுனிக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டம் என்றால் சட்டம் என்று பிடிவாதம் பிடிக்கிற மனுஷன், சட்டப்புத்தகத்தில் இல்லாத ஒரு சட்டத்தை அந்த இடத்திலேயே இயற்றினார்.

"வயிறு தண்ணியிலை படவேணும்! வயிறு படாதவன் வெளியாலை!"

இப்படியாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒன்பது திறமான நீச்சல் வீரர்கள் மிச்சத் தூரத்தைச் சேற்றில் தவழ்ந்து கடந்தார்கள். போகப்போகத் தண்ணீர் குறைந்து சேறு கூடியது. களிமண்ணும் அழுகிய தாழைப் பாசியும் கலந்த கறுப்புச் சேறு. கை வைத்தால் முழங்கை வரை போனது. காற்சட்டைக்குள் சேறு நிறைந்து சணல் கயிற்றை மீறி இறங்கப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தவழ்ந்தான். கால்மணித்தியாலத்தில் முடிய வேண்டியது முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கரையேறியபோது தலைமயிர் முதல் கால்நகம் வரை ஒரே கறுப்பு. இரண்டு கண்ணும் பல்லும்தான் மிச்சம். ஆனால் அவன் மூன்றாவதாக ஏறியிருந்தான்.

சைக்கிள் பனையில் சாய்ந்து நின்றது. கனகரத்தினத்தைக் காணவில்லை.

"கனகு! டேய் கனகு!"

"இஞ்சை நிக்கிறன்," என்று பனை வடலிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"என்னடா செய்யிறாய் அங்கை? வெளிக்கிடு!"

"ஏலாது மச்சான். நீ அக்கரைக்குப் போனதுதொட்டு இது ஏழாந் தரம்."

"என்னத்தைத் திண்டனி?"

"திண்ணேல்லை. குடிச்சனான். உரமா இருக்கும் எண்டு மாமி சொன்னவ. நாலு பச்சை முட்டையும் ஒரு தம்ளர் நல்லெண்ணெயும்."

"அது பெரியபிள்ளையான பெட்டையளுக்கெல்லோ குடுக்கிறது!"

"அவளவைக்கு உரம் வருகுதுதானே எண்டு நினைச்சன்," என்றான் கனகரத்தினம். பிறகு எட்டாந் தரமும் ஆயிற்று.

தில்லைநாதன் ரோட்டைப் பார்த்தான். கழகத்து உழவு இயந்திரத்தையும் காணவில்லை. மண்ணெண்ணெய் காணாதென்று, ஆட்களை இறக்கிய கையோடு திரும்பிப் போய்விட்டதாம். அப்போது ஒன்பது மணியாகப் போகிறது. வீட்டில் எந்த நேரமும் அறைக்கதவைத் தட்டுவார்கள். எப்படியும் கொடிகாமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போனாலும் வரணிக்குள்ளால்தான் போக வேண்டும். தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அது தன் கை என்று அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. பெற்ற தாய்க்கே தெரியாத கோலத்தில் இருப்பவனை வரணியில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஒரே மூச்சில் மிதித்தால் போட்டிக்குப் போட்டியும் ஆயிற்று, வீட்டுக்கு வீடும் ஆயிற்று. கொடிகாமத்தில் மரியரட்ணம் காத்துக்கொண்டு நிற்கிறான். சைக்கிளில் ஏறினான்.

உண்மையைச் சொன்னால், அந்த இருபது நிமிடமும் அவனுக்குக் குணலட்சுமியின் நினைவே இருக்கவில்லை. தாலி இல்லை, சொல்லுக் கொடுத்தது இல்லை, வயது முப்பத்துமூன்று இல்லை. காற்று முகத்தில் அடித்தது. சேறு காய்ந்து வெடித்துத் தோலை இழுத்தது. வேலியோரம் நின்ற பிள்ளைகள் "சேத்துப்பேய் வருகுது" என்று கத்திக் கைதட்டினார்கள். முன்னால் போன இருவரில் ஒருவனைப் பிடித்துக் கடந்தான். இன்னும் ஒருவன்தான். வரணியில் வாழைமரம் கட்டிய படலை வந்தபோது தலையைக் குனிந்து இரண்டு மடங்காக மிதித்தான்.

போட்டிக்கென்று கனகரத்தினம் வழமையைவிட இறுக்கமாகக் காற்றடித்திருந்தான். பதினாறு ஒட்டுப் போட்ட பின்சில்லு ரியூப் அதுவரை பொறுத்தது பெரிய காரியம். சரியாக அந்தப் படலைக்கு நேரே அது வெடித்தது. சைக்கிள் ஒரு பக்கம், தில்லைநாதன் ஒரு பக்கம்.

விழுந்து கிடந்தபடியே அவன் கேட்டது இவ்வளவுதான். பந்தலடியில் நூறு பேர் கதைத்துச் சிரித்த சத்தம் டக்கென்று நின்றது. ஒரு சமையற் கிடாரம் உருண்டது. "பங்கர், பங்கர்" என்று யாரோ கத்த, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சனம் ஓடியது. அவ்வளவுக்கும் மேலாக வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. ஒரே அலறல், சொல்லில்லாதது. யாருடைய குரல் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. முழங்காலில் இரத்தம் வழிய அப்படியே இருந்துவிட்டான்.

முதலில் வெளியே வந்தவர் குணலட்சுமியின் பெரியப்பா நமசிவாயம். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு எல்லாமாக நின்று நடத்துகிறவர். புகையிரதம் ஓடிய காலத்தில் ஸ்டேசன் மாஸ்ரராக இருந்தவர். புகையிரதம் நின்று ஐந்து வருடமாகியும் கைமணிக்கூட்டைப் பார்க்காமல் அவர் ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை.

"ஆரது? என்ன வெடிச்சது?"

"சைக்கிள் ரியூப் ஐயா," என்றான் தில்லைநாதன் குரலைத் தடிப்பாக்கி.

"ரியூப்போ!" நமசிவாயம் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். உள்ளே திரும்பி, "ஒண்டுமில்லை, ரியூப்! எல்லாரும் வெளியிலை வாங்கோ!" என்று கத்தினார். பிறகு அவனுடைய முழங்காலைப் பார்த்தார். "போட்டி ஓடுற பொடியனோ? எழும்பு தம்பி. கிணத்தடிக்கு வா. சேறும் இரத்தமுமா நிக்கிறாய். முகத்தைக் கழுவு."

"வேண்டாம் ஐயா. நேரம் போகுது."

"ரியூப் வெடிச்ச சைக்கிளை வைச்சுக்கொண்டு உனக்கு என்ன நேரம்? வா. ஒட்டுற சாமான் அடுத்த வீட்டிலை கிடக்கு, பத்து நிமிசத்திலை ஒட்டிப்போடலாம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். கல்மனம் கொண்ட மனுஷன் என்று கேள்விப்பட்டிருந்த பெரியப்பா, முன்பின் தெரியாத ஒரு சேற்றுப்பொடியனைத் தாங்கிப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் குரலைத் தாழ்த்திச் சொல்லவும் செய்தார்.

"எங்கடை பிள்ளை ஏற்கெனவே ஒருக்கால் அடிபட்டது தம்பி. அதுதான் இந்தக் கலவரம். நாளைக்கு அவளுக்குக் கலியாணம். நல்ல காலம், வாற மாப்பிள்ளை தங்கமான பொடியன். பொன்னுருக்கு முடிஞ்ச கையோடை அறைக்குள்ளை இருக்கிறாராம், முற்றத்துக்கும் இறங்கிறேல்லையாம். தாய்க்காறி நேற்றுச் சொல்லிவிட்டவ."

தில்லைநாதனுக்கு அந்தக் கிணற்றுக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

பங்கருக்குள்ளிருந்து சனம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ஒரு மனுஷி மா அரிக்கிற மாவரியையும் கையோடு கொண்டோடியிருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியாக வந்தவர்கள் குணலட்சுமியும் தாய் ஞானாம்பிகையும். தாய் அவளுடைய தோளைப் பிடித்திருந்தாள். குணலட்சுமி சிரிக்கவில்லை. முகம் வெளிறி, உதடு காய்ந்து இருந்தது. தாயின் கையை விலக்கிவிட்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள். சேற்று மனிதனிடமிருந்து நாலு முழம் தள்ளி நின்றாள்.

"வெடிச்சது ரியூப்தானோ அண்ணை?" என்று கேட்டாள்.

சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஓம்தான். வெடித்தது ரியூப்தான், வேறெங்கும் எதுவும் வெடிக்கவில்லை, கொடிகாமத்தில் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ரியூப்பை ஒட்டித்தர ஆள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் படலைக்கு வெளியே போய்விடலாம். நாளைக்குப் பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக வந்து இறங்கினால், இந்தச் சேற்றுப்பேயையும் மாப்பிள்ளையையும் ஒருவரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கமாட்டார்கள். கனகரத்தினம் சாகும்வரை சொல்லமாட்டான். மரியரட்ணம் அதற்குப் பிறகும் சொல்லமாட்டான். எல்லாம் சரி. ஆனால் தன்னால் வெளிறிப்போன முகத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொருவனுடைய குரலில் அவளுக்கு ஆறுதல் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெட்கத்தை அவன் பட்டதில்லை.

வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான். இன்னொரு வாளி அள்ளி ஊற்றினான். மூன்றாவது வாளிக்கு முகம் வந்துவிட்டது.

"ஐயோ, மாப்பிள்ளை!" என்றாள் ஞானாம்பிகை.

மாவரியுடன் நின்ற மனுஷி அதைக் கீழே போட்டாள். நமசிவாயம் பழக்கதோசத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார். அது என்ன நேரம் காட்டிற்றோ தெரியாது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தில்லைநாதன் நனைந்த காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னான். போட்டிக்குப் போனது, பொட்டுக்குள்ளால் போனது, தலையிடி என்று தாய்க்குச் சொன்னது பொய் என்பது.

"சாட்டுச் சொல்லேல்லை," என்று முடித்தான். "ஆசைப்பட்டுத்தான் போனனான். சொல்லுக் குடுத்திட்டுப் போனது பிழை."

"நீர் தலையை ஆட்டியிருந்தாப் போதும், நாங்கள் ஒட்டிக் குடுத்து அனுப்பியிருப்பம்," என்றார் நமசிவாயம். குரல் கரகரத்தது. "நான் உம்மைத் தங்கமான பொடியன் எண்டு இப்பத்தானே, இதிலை வைச்சு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் கோபம் தலைக்கேறியது. "இஞ்சை பாரும், இந்தச் சம்பந்தம்..."

"பெரியப்பா," என்றாள் குணலட்சுமி. "படலையைச் சாத்துங்கோ."

எல்லாருக்கும் விளங்கியது. நமசிவாயம் படலையைக் காட்டி, போம் என்பதுபோலக் கையை நீட்டினார். தில்லைநாதன் நொண்டிக்கொண்டு போய்ச் சைக்கிளை நிமிர்த்தினான். பத்தாவதும் போயிற்று என்று நினைத்தான். மற்ற ஒன்பதும் போனபோது அவனுக்கு இப்படி நோகவில்லை.

"அவரை வெளியிலை விட்டிட்டு இல்லை," என்றாள் குணலட்சுமி. "உள்ளுக்கு விட்டுச் சாத்துங்கோ."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"இஞ்சையிருந்து கொடிகாமம் நாலு மைல். அந்த நாலு கட்டையும் இனி இவர் போகக்கூடாது. நாளைக்கு மட்டும் இஞ்சையே இருக்கட்டும்."

நமசிவாயத்துக்குக் கோபத்தைவிட முறைகேடு பெரிதாகத் தெரிந்தது. "அதெப்பிடிப் பிள்ளை? நாளைக்கு மாப்பிள்ளை அழைக்கப் போகவேணும். மாப்பிள்ளை இஞ்சை குந்திக்கொண்டிருந்தால் நாங்கள் மேளத்தோடை போய் ஆரை அழைக்கிறது?"

"உங்கடை வீட்டிலை வைச்சிருங்கோ. அங்கை வந்து அழைச்சுக்கொண்டு வரலாம்."

அவருடைய வீடு அடுத்த வளவு. இடையில் ஒரு வேலி. இருபது அடி மாப்பிள்ளை ஊர்வலத்தை வரணியில் அதுவரை ஒருவரும் கண்டதில்லை. நமசிவாயம் வேலியையும் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில், சிக்னல் விழாத ரயிலுக்கு முன்னால் நிற்பவரைப்போல ஒரு நிமிடம் நின்றுவிட்டு, போய்ப் படலையைச் சாத்தினார்.

மரியரட்ணம் கொடிகாமத்தில் பதினொரு மணிவரை வெயிலில் நின்று பார்த்தான். சைக்கிள் வரவில்லை. பிறகு, ஓட வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு வரணிப் பக்கமாக நாலு கட்டையும் ஓடிவந்தான். வந்த இடத்தில் தில்லைநாதன் நமசிவாயத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, முழங்காலில் மஞ்சளும் துணியுமாக விறாந்தையில் இருக்கக் கண்டான். கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் நாலு கட்டை ஓட வேண்டியதாயிற்று, சின்னாச்சிக்குச் சொல்ல. அந்த நேரம் வரைக்கும் சின்னாச்சி வருகிறவர்களுக்கெல்லாம், தம்பிக்குத் தலையிடி, சத்தம் போடாதேங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். முதற்பரிசு டயரும் ரியூப்பும் யாருக்கும் கிடைக்கவில்லை. வயிறு பட்டதா படவில்லையா என்ற சண்டை கழக மைதானத்தில் பின்னேரம் வரை ஓயவில்லை.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் காலடி கேட்டது. பெண் மாப்பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதற்காகக் குணலட்சுமி கிடுகுவேலிக்குப் பின்னால், முகம் தெரியாமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ. நிக்கிறியளோ?"

"நிக்கிறன்," என்றான் தில்லைநாதன், எழும்பி.

"எனக்குக் கோவம் இல்லை எண்டு நினையாதேங்கோ. சரியான கோவம். காலமை அந்தச் சத்தம் கேட்டவுடனை நான் உங்களைத்தான் நினைச்சனான். வீட்டுக்குள்ளை பத்திரமா இருக்கிறியள் எண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் பங்கருக்குள்ளை மூச்சு விட்டனான். நீங்கள் அதிலை ரோட்டிலை கிடந்திருக்கிறியள்."

அவன் வேலிக்குக் கிட்டப் போய் நின்றான்.

"அண்டைக்கும் இப்பிடித்தான். அவர் வீட்டை இருக்கிறார் எண்டு நினைச்சு நான் பின்னேரம் மட்டும் பூக் கட்டிக்கொண்டிருந்தனான்." வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிடுகோலை முறிபட்டது. "உங்களோடை சண்டை பிடிக்க எனக்கு எவ்வளவோ கிடக்கு. கலியாணம் முடிய ஆறுதலாப் பிடிப்பம், நாள் கணக்கிலை. அதுக்கு நீங்கள் உயிரோடை இருக்கவேணும். போய்ச் சாப்பிடுங்கோ."

காலடிச் சத்தம் பந்தல் பக்கமாகப் போய் மறைந்தது. தில்லைநாதன் விறாந்தைக்குத் திரும்பி வந்தான். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்த நமசிவாயம், அவன் அழுவதைப் பார்த்தும் பாராததுபோல மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார்.